கூரை பறந்த மறுநாள்

காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் காலையில் நம் தாமான்களுக்கு மூன்று வகை ஆட்கள் வருவார்கள். முதல் வகையினர் படம் பிடிக்க வருபவர்கள். அடுத்தவர்கள் ஒரு தார்ப்பாயையும் ஒரு மூட்டை அரிசியையும் கொடுத்துவிட்டுப் படம் பிடித்துக்கொள்பவர்கள். மூன்றாமவர் லோரியின் மேல் ஏணியைக் கட்டிக்கொண்டு வருவார். "ஐயா, கூரை போச்சா? கவலைய விடுங்க. நீங்க ஒரு காசு போட வேணாம். இன்சூரன்ஸ்ல எல்லாம் நாங்களே பேசி எடுத்துக்கிறோம். இங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்பார்.

முதல் இரு வகையினர் மேல் நமக்குப் புகார் இல்லை. மழைக்கு முன்னால் தார்ப்பாய் கொடுத்தவர் நன்றாக இருக்கட்டும். இன்று நாம் பேச வேண்டியது அந்த மூன்றாமவரைப் பற்றியும், அவர் நீட்டும் தாளைப் பற்றியும்தான்.

தோட்டத்து லயத்தில் இருந்தவரை நமக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. தகரம் பறந்தால் பெரட்டில் கங்காணியிடம் சொல்வோம். கங்காணி கிராணியாரிடம் சொல்வார், கிராணியார் துரையிடம் சொல்வார். துரைக்கு மனம் வந்தால் தச்சர் ஏணியோடு வருவார். அதற்கு ஒரு மாதம் கூட ஆகும். அதுவரை ஒழுகும் இடத்திலெல்லாம் சட்டி, பானை, வாளி என்று வைத்துவிட்டு, பிள்ளைகளை ஒழுகாத மூலையில் படுக்க வைப்போம். சுகமான வாழ்க்கை என்று சொல்ல வரவில்லை. ஆனால் கூரையும் நம்முடையதல்ல, அதன் செலவும் நம்முடையதல்ல.

பிறகு கித்தா மரம் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புக்காரர்கள் வந்தார்கள். நாமும் ஊழியர் சேமநிதியில் கொஞ்சம் எடுத்து, வங்கியில் கொஞ்சம் வாங்கி, மலிவு விலை வீட்டில் குடியேறினோம். வீட்டுப் பட்டாவில் நம் பெயர் ஏறியது. பெருமைதான். ஆனால் அன்றைக்கே கூரையும் நம் தலைமேல் ஏறிவிட்டது என்பதை யாரும் நமக்கு விளக்கிச் சொல்லவில்லை.

இன்னும் லயத்தில் குடியிருந்து வேலை செய்யும் தோழர்களுக்கு இந்த இடத்திலேயே ஒன்று சொல்லிவிடுகிறோம். தொழிலாளர் வீட்டு வசதி பற்றிய 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. 2019-இல் அதைத் திருத்தி இன்னும் இறுக்கினார்கள். நிர்வாகம் கொடுத்த வீட்டைப் பழுது பார்த்து வைப்பது நிர்வாகத்தின் கடமை. "ஆளுக்கு இவ்வளவு போடுங்க, தகரம் வாங்கலாம்" என்று யாராவது லயத்தில் வசூலுக்கு வந்தால், "எதுக்கு நாங்க போடணும்?" என்று தாராளமாகக் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் தொழிலாளர் இலாகாவுக்கு எழுதுங்கள். இனி வருவதெல்லாம் சொந்த வீட்டுக்காரர்களுக்கு.

நம் நாட்டில் புயல் இல்லை, அதெல்லாம் பிலிப்பீன்ஸ்காரன் பாடு என்று ஒரு பேச்சு உண்டு. மேற்குக் கரையில் இருப்பவர்களுக்குச் 'சுமத்ரா' காற்று தெரியும். ஏப்ரல் தொடங்கி நவம்பர் வரைக்கும், நீரிணையைத் தாண்டி, பெரும்பாலும் விடிவதற்கு முந்திய நேரத்தில் வரிசை கட்டிக்கொண்டு வரும். அதிக நேரம் நிற்காது. நிற்காமலே தகரத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விடும். பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை நேரத்து இடிமழையோடு வரும் காற்று தனி. 2019 ஆகஸ்டு 9-ஆம் தேதி கெடா, பினாங்கு, பெர்லிஸ் பக்கம் கூரைகளைப் பிய்த்த காற்று, எங்கோ சீனாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த லெக்கிமா சூறாவளியின் வால் என்று வானிலை இலாகா சொன்னது. வாலுக்கே அந்தப் பாடு. 2024 செப்டம்பரிலும் அதே வட மாநிலங்களில் மரங்கள் சாய்ந்தன, கூரைகள் போயின.

ஆகவே, கூரை போகும். போனால் பணம் எங்கிருந்து வரும் என்பதுதான் கேள்வி. இங்கேதான் நம்மவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் குழம்புகிறார்கள் என்பது நம் அனுபவம்.

"நம்ம வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்குதா?" என்று கேட்டால், "இருக்குதுங்க, பேங்குல லோன் எடுக்கும்போதே போட்டாங்க" என்பார்கள். என்ன இன்சூரன்ஸ் என்று கேட்டால் பதில் வராது. வங்கியில் கடன் வாங்கும்போது எம்.ஆர்.டி.ஏ. என்று ஒன்றைப் போடுவார்கள். அது ஆளுக்குப் போடுவது. கடன் வாங்கியவர் காலமானாலோ, நிரந்தரமாக முடங்கிப் போனாலோ, மிச்சக் கடனை அது கட்டும். கூரைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கூரை பறந்தவுடன் அந்தப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வங்கிக்கு ஓடி, வெறுங்கையோடு திரும்பியவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

வீட்டுக்கென்று போடுவது வேறு. அதிலும் இரண்டு தரம் உண்டு. வெறும் தீக் காப்புறுதி என்றால் தீ, இடி மின்னல், சமையல் எரிவாயு வெடிப்பு, இவற்றோடு நின்றுவிடும். காற்றும் வெள்ளமும் வேண்டுமென்றால் கூடுதல் பணம் கட்டிச் சேர்த்திருக்க வேண்டும். 'ஹவுஸ் ஓனர்' என்கிற வீட்டுடைமையாளர் காப்புறுதி என்றால் புயல்காற்று, வெள்ளம் இரண்டும் அதற்குள்ளேயே இருக்கும். வீட்டுக்குள் இருக்கும் கட்டில், டி.வி., தையல் மிஷின் இவற்றுக்கு 'ஹவுஸ் ஹோல்டர்' என்று தனியாக எடுக்க வேண்டும். கூரை கட்டடத்தைச் சேர்ந்தது, நனைந்த மெத்தை சாமானைச் சேர்ந்தது. ஒன்று இருந்து மற்றது இல்லாவிட்டால் பாதிதான் கிடைக்கும்.

சரி, பத்திரம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அது இன்றைக்கு உயிரோடு இருக்கிறதா?

நாம் அறிந்த ஓர் அம்மா. முப்பது வருஷத்துக்கு மேல் பால் வெட்டியவர். கணவர் போன பிறகு தனியாளாகப் பிள்ளைகளை ஆளாக்கியவர். ஐம்பத்தைந்து வயதில் சேமநிதிப் பணம் வந்ததும் முதல் காரியமாக வீட்டுக் கடனைத் தீர்த்தார். கடன் தீர்ந்த கடுதாசியைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். வங்கியின் பார்வையில் அன்றோடு கணக்கு முடிந்தது. ஆண்டுதோறும் வங்கியே பணத்தைப் பிடித்துப் புதுப்பித்து வந்த வீட்டுக் காப்புறுதியும் அந்தத் தவணையோடு நின்றுபோனது. இனி நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவருக்குப் புரிகிற மொழியில் யாரும் சொல்லவில்லை. மூன்று வருஷம் கழித்துக் கூரை போனது. மிச்சம் இருந்த சேமநிதிப் பணத்தில் பெரும்பகுதி தகரத்துக்கும் மரத்துக்கும் போயிற்று.

கடன் இருக்கிறவரை வீட்டைக் காக்கத் துடித்த வங்கி, கடன் தீர்ந்ததும் ஒரு வரி தமிழில் எழுதி அனுப்பினால் என்ன குறைந்துவிடும் என்று நாம் கேட்கிறோம். கடன் விளம்பரத்தைத் தமிழில் அச்சடிக்கத் தெரிகிறது, கையேட்டில் பொங்கல் பானை படம் போடத் தெரிகிறது, இது மட்டும் தெரியாதா? ஆனால் வங்கிக்குப் புத்தி வரும்வரை நாம் காத்திருக்க முடியாது. கடன் தீர்ந்த வீட்டுக்காரர் யாராக இருந்தாலும், காப்புறுதி நடப்பில் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். இஸ்லாமிய வங்கியில் எடுத்திருந்தால் தக்காஃபுல் என்ற பெயரில் இருக்கும். பெயர்தான் வேறு, பார்க்க வேண்டியது அதேதான்.

இன்னொரு சங்கதி, எவ்வளவு தொகைக்கு எடுத்திருக்கிறோம் என்பது. பல வீடுகளில் அந்தத் தொகை பல வருஷத்துக்கு முன்பு எழுதியபடியே கிடக்கிறது. இன்றைக்கு அந்த வீட்டை இடித்துக் கட்ட 1,00,000 வெள்ளி ஆகும், பத்திரத்தில் 60,000 வெள்ளிதான் இருக்கிறது என்று வையுங்கள். கூரைக்கு 10,000 வெள்ளி சேதம். "அறுபதாயிரத்துக்கு எடுத்திருக்கோமே, பத்தாயிரம் குடுக்கக் கூடாதா?" என்று நாம் நினைப்போம். அவர்கள் கணக்கு வேறு. வீட்டில் நூற்றுக்கு அறுபது பங்குக்குத்தான் நீங்கள் பணம் கட்டினீர்கள், ஆகவே சேதத்திலும் அறுபது பங்கு, அதாவது 6,000 வெள்ளி என்பார்கள். அதிலிருந்தும் காற்று, வெள்ளம் போன்றவற்றுக்கு நம் பங்காக ஒரு தொகையைக் கழிப்பார்கள். வழக்கமாக அது 200 வெள்ளி அல்லது காப்புறுதித் தொகையில் நூற்றுக்கு ஒன்று, இரண்டில் எது குறைவோ அது. மிச்சம் நாலாயிரத்துச் சொச்சம் நம் கையிலிருந்து போக வேண்டியதுதான். இது மோசடி அல்ல, பத்திரத்தில் எழுதியிருக்கிற விதி. படித்துப் பார்க்காத நமக்குத்தான் மோசடி மாதிரி தெரிகிறது.

பின்னால் அடுப்படியை நீட்டிக் கட்டாத வீடு நம் தாமான்களில் உண்டா? அந்த நீட்டலைக் காப்புறுதிக்காரரிடம் சொல்லி, தொகையில் சேர்த்திருந்தால்தான் அது கணக்கில் வரும். முன்னால் வண்டி நிறுத்தப் போட்ட சாய்ப்பு, வேலி, கேட்டு இவற்றைப் புயல்காற்றுச் சேதத்திலிருந்து பல பத்திரங்கள் ஒதுக்கிவிடுகின்றன. மழைத்தண்ணீர் விஷயமும் அப்படித்தான். காற்று முதலில் கூரையையோ சுவரையோ உடைத்து, அந்த வழியாக மழை புகுந்திருந்தால் உண்டு. பழைய ஓட்டை வழியாக ஒழுகியதற்கு இல்லை. துருப்பிடித்த தகரம், கரையான் அரித்த கைமரம், இவையெல்லாம் வயசான சேதம், காற்றின் சேதமல்ல என்று தள்ளிவிடுவார்கள்.

இப்போது அந்த லோரிக்காரரிடம் வருவோம்.

எல்லாக் கூரைக்காரர்களையும் நாம் பழிக்கவில்லை. வெயிலில் தகரத்தின் மேல் நின்று வேலை செய்கிறவன் உழைப்பாளி. அவன் கூலி அவனுக்கு நியாயமாகப் போய்ச் சேர வேண்டும். நம் பையன்களே எத்தனையோ பேர் இந்த வேலைக்குப் போகிறார்கள். நாம் சொல்வது ஒன்றுதான். கூரை போடுகிறவர் கூரை போடட்டும். இழப்பீட்டு மனுவை அவர் கையில் கொடுக்காதீர்கள். பத்திரம் உங்கள் பெயரில் இருக்கிறது. நிறுவனத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். "எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்கிறவர், போகாத ஓட்டையும் போனதாக எழுதுவார். பழைய விரிசலையும் காற்றின் கணக்கில் சேர்ப்பார். எட்டாயிரம் வேலைக்குப் பதினையாயிரம் போடுவார். "கூட வர்ற பணத்துல உங்களுக்கும் ஒரு பங்கு தர்றேன் அண்ணே" என்று சிரிப்பார். அண்ணனும் சிரித்தால் தீர்ந்தது கதை. பொய்யான கணக்கு ஒன்று கலந்திருப்பது தெரிந்தால், மனு முழுவதையும் தள்ளிவிட நிறுவனத்துக்கு உரிமை உண்டு. உண்மையாகப் போன கூரைக்கும் பணம் வராது. கையெழுத்து உங்களுடையது, லோரி போய்விட்டிருக்கும்.

நம் பாட்டன்மார் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கைநாட்டு வைத்துக் கப்பல் ஏறியவர்கள். அவர்களுக்கு எழுத்துத் தெரியாது, வேறு வழியும் இல்லை. நமக்கு அந்தச் சாக்குக் கிடையாது. வெற்றுத் தாளிலோ, தொகை எழுதாத பாரத்திலோ, "இழப்பீட்டுப் பணம் நேராக இன்னாருக்குப் போகட்டும்" என்று எழுதிய தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக் கடன் இன்னும் இருந்தால் பணத்தின் மேல் வங்கிக்கும் உரிமை இருக்கும். அதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். வங்கியைக் கேட்காமல் கூரைக்காரருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, பிறகு இரண்டு பக்கமும் இழுபட்டவர்கள் உண்டு.

அப்படியானால் கூரை போன அன்றைக்கு என்ன செய்வது? முதலில் ஆட்களும் பிள்ளைகளும் பத்திரமாக இருக்கிறார்களா என்று பாருங்கள், மின்சாரத்தை நிறுத்துங்கள். வெளிச்சம் வந்ததும் போன் எடுத்து எல்லாப் பக்கமும் படம் பிடியுங்கள். தூரத்தில் இருந்து, கிட்டத்தில் இருந்து, உள்ளே இருந்து மேலே பார்த்து, பக்கத்து வீடும் சாய்ந்த மரமும் தெரிகிற மாதிரி. பிறகு தார்ப்பாயைக் கட்டுங்கள். சேதம் மேலும் பெருகாமல் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரரின் கடமை என்று பத்திரமே சொல்கிறது. தார்ப்பாய்க்கும் கயிற்றுக்கும் கொடுத்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். உடைந்த ஓட்டையும் நெளிந்த தகரத்தையும் சுத்தம் என்ற பெயரில் வாரிக் கொட்டிவிடாதீர்கள். மதிப்பிட வருகிறவர் அதைத்தான் பார்க்கக் கேட்பார். நம் பெண்கள் வீட்டைக் கூட்டாமல் இருக்க மாட்டார்கள், தெரியும். ஒரு மூலையில் குவித்தாவது வையுங்கள்.

அன்றைக்கே நிறுவனத்துக்கோ முகவருக்கோ தகவல் சொல்லுங்கள். வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் போக வேண்டும். வாட்சப்பில் போனாலும் தேதியோடு இருக்கட்டும். சில நிறுவனங்கள் போலீஸ் புகாரும் கேட்கும். சேதம் பெரிது என்றால் இழப்பு மதிப்பீட்டாளர், அட்ஜஸ்டர் என்று ஒருவரை அனுப்புவார்கள். அவருக்குக் கூலி கொடுப்பது நிறுவனம். நீங்கள் காப்பி கொடுத்தால் போதும். அவர் வரும்போது பயந்து ஒதுங்கி நிற்க வேண்டாம். ஆபீஸ் வாசலில் தொப்பியைக் கழற்றி நின்ற பழக்கம் நம் இரத்தத்தில் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் என்ன எழுதுகிறார் என்று கேளுங்கள். விட்டுப்போனதைக் காட்டுங்கள். புதிய விலையைக் கொடுப்பார்களா, தேய்மானம் கழித்துக் கொடுப்பார்களா, வேலை முடிந்த பிறகு ரசீதுக்குக் கொடுப்பார்களா, முன்பே கொடுப்பார்களா என்பதையும் கேளுங்கள். அவர் பார்த்து, நிறுவனம் சம்மதம் சொல்லும்வரை முழுக் கூரையையும் பிரித்துவிடக் கூடாது. தார்ப்பாய் வேறு, புதுக்கூரை வேறு.

இந்த இடைவெளியில்தான் கூரைக்காரரைத் தேட வேண்டும், அவர் நம்மைத் தேடி வருவதற்குப் பதிலாக. மூன்று பேரிடமாவது எழுத்தில் விலை வாங்குங்கள். நிறுவனமும் அதைத்தான் கேட்கும். கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில், அதாவது சி.ஐ.டி.பி.யில் பதிந்தவரா என்று பாருங்கள். பெயரைக் கொடுத்தால் வாரியத்திலேயே சரிபார்த்துச் சொல்வார்கள். அவர் ஏற்கெனவே போட்ட கூரை பக்கத்துத் தாமானில் எங்கே இருக்கிறது என்று கேட்டு, ஒரு மழை நாளில் போய்ப் பாருங்கள். இதைவிட நல்ல சான்றிதழ் இல்லை.

விலைத்தாளில் "கூரை மாற்ற, மொத்தம் இவ்வளவு" என்று ஒரே வரி இருந்தால் வாங்காதீர்கள். தகரத்தின் கனம் எழுதியிருக்க வேண்டும். 0.23 மில்லிமீட்டர் தகரத்துக்கும் 0.48 மில்லிமீட்டர் தகரத்துக்கும் கீழே நின்று பார்க்கிற கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. காற்றுக்குத் தெரியும். ஆணியா, ரப்பர் வளையம் வைத்த திருகாணியா? நெளித்தகரம் என்றால் திருகாணி நெளியின் மேட்டில் இறங்க வேண்டும். பள்ளத்தில் இறக்கினால் அதுவே தண்ணீருக்கு வாசல். காற்று கூரையை நடுவில் பிடித்துத் தூக்குவதைவிட ஓரத்திலும் மூலையிலும் முகட்டிலும் பிடித்துத்தான் அதிகமாகத் தூக்கும். ஆகவே அங்கெல்லாம் திருகாணி நெருக்கமாக வேண்டும். அதைவிட முக்கியம், கைமரத்தைச் சுவரோடு இரும்புப் பட்டை போட்டுக் கட்டியிருக்கிறாரா என்பது. தகரம் நல்லது, திருகாணி நல்லது, ஆனால் சட்டம் சும்மா சுவர்மேல் உட்கார்ந்திருக்கிறது என்றால் மொத்தமாகவே எழுந்து போகும். வரிசை வீடு என்றால் பக்கத்து வீட்டுக் கூரையோடு சேரும் இடத்தில் என்ன செய்யப் போகிறார் என்று கேளுங்கள். ஒழுகல் பிறக்கும் இடம் அது, சண்டை பிறக்கும் இடமும் அதுவே.

பழைய வீடுகளில் நெளிவு நெளிவாகச் சாம்பல் நிறத்தில் இருக்கும் சிமெண்டுத் தகடு பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். அந்தத் தூள் நுரையீரலில் தங்கிப் பல வருஷம் கழித்துப் புற்றுநோயைக் கொண்டுவரும். அதை இரம்பத்தால் அறுக்கக் கூடாது, உடைத்து வீசக் கூடாது. நனைத்து, முழுத் தகடாக இறக்க வேண்டும். இறக்குகிறவருக்கு முகமூடி வேண்டும். பழைய தகடு ஆள் பாரம் தாங்காது. பலகை போடாமல் மேலே ஏறியவர்கள் உடைத்துக்கொண்டு விழுந்து செத்திருக்கிறார்கள். "நம்ம தம்பிதான், அவன் ஏறுவான்" என்று கோத்தோங் ரோயோங் முறையில் பிள்ளைகளை ஏற்றிவிடாதீர்கள். இறக்கிய தகட்டைக் கோழிக்கூண்டுக்கு வைத்துக்கொள்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

பணம் கொடுக்கும் விஷயத்தில் நம் கருத்து இது. முன்பணம் சிறியதாக இருக்கட்டும். சாமான் வந்து இறங்கிய பிறகு ஒரு பகுதி, வேலை முடிந்து ஒரு நல்ல மழை பெய்து பார்த்த பிறகு கடைசிப் பகுதி. பாதிப் பணத்தை முன்னால் வாங்கிக்கொண்டு போனை நிறுத்திவிட்டவரை எங்கே போய்த் தேடுவது? அப்படி மாட்டிக்கொண்டால் வாயடைத்து உட்கார வேண்டாம். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான வழக்கை 5 வெள்ளிக் கட்டணத்தில் அங்கே பதியலாம். வக்கீல் வைக்கத் தேவையில்லை. ஆனால் அங்கேயும் முதலில் கேட்பது ரசீதும் ஒப்பந்தமும்தான். "வாய் வார்த்தைதாங்க, நம்ம ஊர்க்காரர்தான்" என்றால் நடுவரால் என்ன செய்ய முடியும்?

நிறுவனமே பணம் தர மறுத்தால், அல்லது தரும் தொகை நியாயமில்லை என்றால், மறுத்த காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதலில் நிறுவனத்தின் புகார்ப் பகுதிக்கு எழுத வேண்டும். அவர்கள் கடைசிப் பதிலும் திருப்தி இல்லை என்றால், 2025 ஜனவரி 1 முதல் எஃப்.எம்.ஓ.எஸ். என்ற நிதிச் சந்தைக் குறைதீர் அமைப்பு நடக்கிறது. முன்பு ஓ.எஃப்.எஸ். என்று இருந்ததன் வாரிசு. கடைசிப் பதில் கிடைத்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். புகார் செய்கிறவருக்குச் செலவில்லை. ஆறு மாதம் என்பது நீளமாகத் தெரியும், ஆனால் கடுதாசியை அலமாரியில் சொருகிவிட்டுத் தீபாவளி, பொங்கல் என்று இருந்தால் ஓடிப்போகும்.

அடுக்குமாடியில் மேல்மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே கூரை உங்களுடையதல்ல, எல்லோருக்கும் பொது. பழுது பார்ப்பதும், கட்டடத்துக்குக் காப்புறுதி எடுப்பதும் நிர்வாகக் கழகத்தின் பொறுப்பு. மாதக் கட்டணம் கட்டாத வீடுகள் அதிகமானால் கழகத்தில் பணம் இருக்காது, காப்புறுதியும் இருக்காது. கீழ்மாடிக்காரர், "எனக்கு ஒழுகலையே" என்று கட்டணத்தை நிறுத்துவது மேல்மாடிக்காரர் தலையில்தான் விழுகிறது.

இத்தனையையும் ஒரு தனி ஆள், அதுவும் வயதானவர், கூரை இல்லாத வீட்டில் உட்கார்ந்துகொண்டு செய்ய முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. அதனால்தான் நம் சங்கங்களைப் பற்றியும் கோயில் கமிட்டிகளைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. திருவிழாவுக்கு வசூல் செய்ய வீடு வீடாகப் போகத் தெரிந்த நமக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் மேசை போட்டு, "வீட்டுப் பத்திரத்தை எடுத்துட்டு வாங்க, என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்றோம்" என்று கூப்பிடத் தெரியாதா? எல்லாத் தாமானிலும் வங்கியில் வேலை செய்கிற ஒரு பெண் இருக்கிறாள், கணக்குப் படித்த ஒரு பையன் இருக்கிறான், ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர் இருக்கிறார். காப்புறுதி நடப்பில் இருக்கிறதா, காற்றுக்கு உண்டா, எவ்வளவு தொகைக்கு, எந்தத் தேதிவரை. இந்த நாலு கேள்விக்கு ஓர் ஆளுக்குப் பத்து நிமிடம் போதும். பத்திரத்தின் முதல் பக்கத்தைப் படம் எடுத்துப் பிள்ளைகள் போனுக்கு அனுப்பிவைத்தால், பத்திரமே நனைந்து போனாலும் எண் கையில் இருக்கும்.

காப்புறுதி முடிந்துபோனவர்களை அந்த மேசையிலேயே பட்டியல் எடுத்து, கூட்டாக மூன்று நிறுவனங்களிடம் விலை கேட்கலாம். தனியாகப் போகும் பாட்டிக்குப் பதில் சொல்லச் சோம்புகிற முகவர், நாற்பது வீட்டுப் பட்டியல் என்றால் மண்டபத்துக்கே வருவார். அவர் வரும்போது பாரத்தை நிரப்பும் வேலையை அவரிடம் விடாமல், பாட்டியின் பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்து நிரப்பச் சொல்லுங்கள். பின்னால் நீட்டிக் கட்டிய அடுப்படியையும் சேர்த்து.